பச்சை விளக்கும் ஆடாத எண்ணும்

அக்கா புருஷன் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கும் முன் மூடியோரம் நின்று எனக்குப் போன் போடுவார். அவர் ஒரு தோல் தொழிற்சாலையில் பம்ப் ஃபிட்டர். நான் அதே இடத்தில் கழிவுநீர்ப் பிரிவின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். குழிக்குள் விஷவாயு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கருவி அளந்து என் அறைத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எண் பத்துக்குக் கீழே இருந்தால் இறங்கலாம். மேலே போனால் முதலாளியே சொன்னாலும் இறங்கக் கூடாது.

"மாப்ள, எம்புட்டு?" என்பார். எண்ணைச் சொல்வேன். செருப்பைக் கழற்றி கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறோடு இறங்குவார். கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்.

தோல் ஊறிய தண்ணீரிலிருந்து கிளம்பும் அந்த வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும். நாறுகிறவரை பரவாயில்லை. அளவு மீறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதற்கப்புறம் ஆள் விழவேண்டியதுதான் பாக்கி. இது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கோ குழியின் ஏணியில் ஒரு படி கால் வைக்கவும் தைரியம் கிடையாது, ஏசி அறையோடு சரி. மச்சான் என்னை 'ஏசி மாப்ள' என்றுதான் கூப்பிடுவார், நாலு பேர் முன்னாலும். கோபம் வரும். ஆனால் சொல்வதில் பொய் இல்லையே.

எண்கள் வந்து சேரும் சர்வரிலிருந்து இரண்டு கேபிள்கள் இரண்டு சுவிட்சுகளுக்குப் போகும். சுவிட்ச் என்றால் சுவரில் தட்டுவது இல்லை. கேபிள்களெல்லாம் வந்து கூடும் பெட்டி. எந்தத் தகவலும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். ஒன்று படுத்துவிட்டால் சர்வர் கண்மூடித் திறப்பதற்குள் மற்றதற்குத் தாவிவிடும். "நீங்க நிம்மதியாத் தூங்கலாம் சார்" என்று மாட்டிக்கொடுத்த இன்ஜினியர் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனார். மகராசன், அவர் தூங்கியிருப்பார்.

அன்று காலையில் முதல் சுவிட்ச் மக்கர் பண்ணியது. இன்ஜினியருக்குப் போன் போட்டேன். ரீபூட் பண்ணுங்கள், இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்றார். குழியில் வேலை இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரீபூட் கொடுத்தேன். சொன்னபடியே சர்வர் இரண்டாவது சுவிட்சுக்குத் தாவியது, எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அட, பரவாயில்லையே என்று எனக்கே சந்தோஷம். செத்த நேரத்தில் முதல் சுவிட்சிலும் பச்சை விளக்குகள் எரிந்தன. வேலை முடிந்தது என்று டீயை எடுத்தேன். போன் அடித்தது.

"மாப்ள, எம்புட்டு? பம்பு அடைச்சுக்கிச்சு. இறங்கணும்."

"மூணு புள்ளி ரெண்டு மச்சான். இறங்குங்க."

"சாயங்காலம் வீட்டுக்கு வா. உங்கக்கா மீன் கொழம்பு வைக்கிறாளாம். வெஞ்சனத்துக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வா, கைய வீசிட்டு வராத."

வைத்துவிட்டார்.

டீயைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். மூணு புள்ளி ரெண்டு. இன்னொரு வாய் குடித்தேன். மூணு புள்ளி ரெண்டு. அந்தக் கடைசி இலக்கம் ஒரு நிமிஷம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. காற்றசைந்தால் ஏறும், இறங்கும், தொட்டில் பிள்ளை காலை ஆட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். இப்போது ஆடவில்லை. பக்கத்தில் எல்லாம் சரி என்று காட்டும் கட்டம் மட்டும் பச்சையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி எரிந்தது.

நடந்தது என்ன என்பது பிறகு புரிந்தது. சுவிட்ச் ரீபூட் ஆகி எழும்போது விளக்கு முதலில் எரிந்துவிடும். தகவலைக் கடத்தும் வேலையை அது தொடங்க இன்னும் நேரமாகும். சர்வருக்கு இது தெரியாது. விளக்கைப் பார்த்ததும் முதல் சுவிட்ச் வந்துவிட்டது என்று நம்பி, நன்றாகப் போய்க்கொண்டிருந்த இரண்டாவதை விட்டுவிட்டு இங்கே திரும்பிவிட்டது. வந்த எண்களெல்லாம் பாதி வழியில் தொலைய, திரை கடைசியாகக் கிடைத்ததையே பிடித்துவைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் மச்சானுக்குச் சொன்னது பழைய எண். இப்போது உள்ளே எவ்வளவு என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொன்னது. டீ கொட்டியது, கால் சுட்டது, எதுவும் உறைக்கவில்லை. படிகளில் எப்படி இறங்கினேன் என்று இன்றும் நினைவில்லை. விடாமல் போன் போட்டுக்கொண்டே, வெயிலில் காயும் தோல்களுக்கு நடுவே புகுந்து ஓடினேன். அக்காவின் முகம் கண்முன்னே வந்து நின்றது. அவளிடம் என்னவென்று போய்ச் சொல்வேன்? நான்தான் இறங்கச் சொன்னேன் என்றா?

மூடியோரம் அவருடைய செருப்பு. செருப்புக்கு மேலே அவருடைய போன், அடித்துக்கொண்டே கிடந்தது. காற்றை உள்ளே தள்ளும் மின்விசிறி போட்ட இரைச்சலில் கயிறு பிடித்து நின்றவருக்கு அது கேட்கவே இல்லை.

"இழுங்கண்ணே! இழுங்க!"

என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், இழுத்தார். நானும் பிடித்தேன். முதலில் கயிறு கனத்தது. அய்யோ, போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஏணியில் கம்பூட்ஸ் சத்தம் கேட்டது. தலை தெரிந்தது.

"ஏலே, கிறுக்குப் பயலே! இறங்குன்னதும் நீதான், இழுக்குறதும் நீதானா? பாதி ஏணிகூட இறங்கல..." என்று கத்தியபடி தரையில் காலை வைத்தவர் சட்டென்று நிறுத்தினார். மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாப்ள," என்றார், குரல் இறங்கியிருந்தது. "மூடியைத் தெறந்தப்ப நாறுச்சு. உள்ள போகப் போக நாத்தமே இல்லடா."

கயிறு பிடித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் கண்கள் சிவந்து நீர் வடிந்தது, இருமினார். அவரைத் தள்ளிக்கொண்டு காற்று வரும் பக்கமாகப் போனோம். அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் அவரைக் காட்டிவிட்டு வந்து பார்த்தபோது திரை உயிரோடு இருந்தது. சுவிட்ச் முழுதாக எழுந்ததும் எண்கள் பாய்ந்திருந்தன. நாங்கள் கயிற்றை இழுத்த நேரத்தில் எண் நூறைத் தாண்டியிருந்தது. மற்றொரு ஷெட்டில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். குழியின் அடிச்சேறு கலங்கிவிட்டது.

இன்ஜினியரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்ததும் இருவரும் உட்கார்ந்து சரிசெய்தோம். சுவிட்ச் முழுதாக எழும்வரை சர்வரின் கேபிளுக்கு விளக்கே எரியாது. எரிந்தாலும் சர்வர் உடனே தாவாது, பொறுத்திருந்துதான் திரும்பும். எண் வராமல் நின்றால் திரை சிவப்பாகிவிடும். குழியில் ஆளில்லாத நாளில் ரீபூட் செய்து செய்து பார்த்தேன். ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஆனாலும் பச்சை விளக்கை மட்டும் இன்றுவரை நான் நம்புவதில்லை.

மச்சானை இழுத்த அன்றைக்குச் சாயங்காலம், மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "ஏன்டா அவரையே பாத்துக்கிட்டு இருக்க? சோத்தப் பாத்துத் தின்னு," என்றாள் அக்கா. மச்சான் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

இப்போது அவர் போனை மேலே வைத்துவிட்டு இறங்குவதில்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது, காதில் ஒயர். மேலே வரும்வரை நானும் வைப்பதில்லை. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏசி மாப்ள என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. மூடியோரம் நின்று இப்போதும் கேட்கிறார், ஆனால் எம்புட்டு என்று இல்லை.

"ஆடுதா மாப்ள?"

"ஆடுது மச்சான்."

"செத்த நேரம் பாத்துட்டுச் சொல்லு."

பார்க்கிறேன்.