கிறிஸ்துதாஸின் தடைப்பட்டியல்

எங்கள் கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்துதாஸுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. நூலகத்தில் உட்கார்ந்து பதினான்கு வருடமாக இதைப் பார்த்து எனக்கே எரிச்சல். 'இந்த இணையதளத்தைத் தடை செய்க' என்று யார் சீட்டு அனுப்பினாலும், தவளக்குப்பம் பஸ்ஸைத் தவறவிட்டாவது சேர்த்துவிட்டுத்தான் போவார். ஒரு வரியைக்கூட எடுத்ததில்லை. எடுக்க வேண்டுமானால் சீட்டு கொடுத்தவரிடமே போய்க் கேட்க வேண்டுமாம், அவருக்குக் கூச்சம்.

இந்த மாதம் ப்ராக்ஸி சர்வர் திணறியது. ஒருவர் பார்த்த பக்கத்தின் நகலை வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுக்கும் கணினி அது. விடுதிக்கும் அதன் வழியாகத்தான் இணையம். பிராசஸர் தொண்ணூற்றெட்டு சதவீதத்திலிருந்து இறங்கவே இல்லை.

"ஹாஸ்டல் பொண்ணுங்க படம் பாக்குதுங்க" என்று முதல்வர் நிர்மலா முடிவே கட்டிவிட்டார். மாணவிகளின் வீடுகளுக்கெல்லாம் போன் போனது. திங்கட்கிழமை மாலையோடு விடுதிக்கு இணையம் கிடையாது என்று உத்தரவு. தேர்வு விண்ணப்பத்துக்கோ செவ்வாய்தான் கடைசி நாள்.

ஞாயிறன்று பூசை முடிந்து கிறிஸ்துதாஸ் நேராகக் கல்லூரிக்கு வந்தார். உதவிக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார். பெண்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்ததால் பிராசஸர் எண் தணிந்திருந்தது. அவர் சொன்னபடி நான் ஒரே ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தேன். எண் விருட்டென்று ஏறியது.

"ஒரு ஆளுக்கே இவ்ளோ ஏறுதா?" என்றவர் தடைப்பட்டியலைத் திறந்தார். ஆறாயிரத்து நானூறு வரிகள். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் சர்வர் அத்தனை வரியையும் மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. பாதித் தளங்கள் எப்போதோ மூடிப்போனவை. ஓய்வு பெற்றுப் பிரான்ஸுக்கே போய்விட்ட பேராசிரியர் சிமோன் கொடுத்தது மட்டும் முந்நூறு.

"எல்லாம் நான் போட்டது மேடம்" என்றார்.

"பழச அழிச்சிட்டு சும்மா இருங்க. அடுத்த வாரம் உங்க கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பட்டியலைக் குறைத்ததும் எண் பதினொன்றுக்கு இறங்கியது. திங்கள் காலை முதல்வரிடம் போய் உண்மையைச் சொன்னார்.

"சரி, நெட்ட நிறுத்த வேணாம். சர்வர் ரிப்பேர்னு போட்டுக்கலாம், விடுங்க" என்றார் முதல்வர்.

"வேணாம் மேடம். பொண்ணுங்க மேல சொன்ன பழி அப்படியே நின்னுடும்."

'தவறு என்னுடையது, மாணவிகளுடையது அல்ல' என்று எழுதி, கையெழுத்திட்டு, விடுதிப் பலகையில் ஒட்டினார். பெண்கள் சுற்றி நின்று படித்தார்கள்.

"சார், இத எங்கப்பாகிட்ட போன்ல சொல்றீங்களா? நான் சொன்னா நம்பல" என்றாள் லினெட் என்ற மாணவி. கண் கலங்கியிருந்தது.

கிறிஸ்துதாஸ் நம்பரைக் கேட்டு வாங்கினார். அன்று மாலைக்குள் முப்பத்தொரு வீடுகளுக்குப் பேசினார்.