பூச்சி மருந்துன்னு மட்டும் சொன்னேன்

மாட்டு டாக்டரா இருந்தா சட்டையில சாணி படாத நாளே கிடையாது. இதே பொழப்புல மாட்டிக்கிட்டவங்களே, உங்களுக்கு நான் சொல்லணுமா! அடுத்த மாடு வர்றதுக்குள்ள டைப் பண்றேன், பிழை இருந்தா விட்டுடுங்க.

பானை வயிறு

அடையாறு ஆத்தோரம் பாபு அண்ணன் கறிக்குன்னு ஒரே ஒரு காளைக்கன்னு வளத்தாரு. அது தேறினாதான் அடுத்தது வாங்க வீட்ல ஒத்துப்பாங்களாம். எவ்ளோ தின்னாலும் வயிறு பானை மாதிரி, விலாவோ எண்ணலாம். குடல்புழு! நான் தனியா பாத்த முதல் கேஸ், ஒரே குஷி எனக்கு. மருந்தை வாய்ல ஊத்துனேன். ஒரு மாசத்துல தோல் மினுமினுன்னு ஆயிடுச்சு. அண்ணன் சொன்னாரு: "நைனா, உன் பூச்சி மருந்து சூப்பரா கீது, எங்க வூட்டுக்காரியே சிரிச்சுட்டா!"

உண்ணி

அப்புறம் அதே கன்னுக்குக் காதுல, வாலடியில எல்லாம் உண்ணி. இதுக்கு முதுகு மேல, கழுத்துலேர்ந்து வால் வரைக்கும் கோடு போட்ட மாதிரி மருந்து ஊத்தணும். மயிலாப்பூர்ல ஒரு கோமாரி கேஸ் காத்துட்டு இருந்துச்சு. நான் கோமாரியைக் கண்ணால பாத்ததே இல்ல! பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே பாட்டிலை நீட்டி, "பூச்சி மருந்துண்ணா, இப்பவே ஊத்திடுங்க"ன்னேன். அவரு சொன்னாரு: "நீ போ நைனா, ஊத்த எனக்குத் தெரியாதா இன்னா?"

ஸ்பீக்கர் ஃபோன்

மயிலாப்பூர் மாட்டுக்கு வாய்ல புண்ணு, குளம்புல புண்ணு, எச்சில் ஒழுகுது. அப்ப பாபு அண்ணன்கிட்டேர்ந்து ஃபோன். கைல க்ளவுஸ், அதனால ஸ்பீக்கர்ல போட்டேன். கன்னுக்கு வாய்ல நுரை தள்ளுதாம், ஒடம்பு நடுங்குதாம். எப்படி ஊத்துனீங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கலையே! "அங்கயும் கோமாரிதான், சாயங்காலம் வரேன்"னுட்டேன். மாட்டுக்கார மாமி கேட்டா: "நடுங்கறதுங்கறாரே, எங்காத்து மாடு நடுங்கலையேப்பா?"

காலி பாட்டில்

அப்பதான் எனக்கு உறைச்சுது. சிக்னல் எதையும் பாக்காம அடையாறுக்கு ஓடுனேன். கன்னு போயிடுச்சு. குடல்புழுவுக்கும் பூச்சி மருந்துதான், உண்ணிக்கும் பூச்சி மருந்துதான், நம்ம ஊர்ல ரெண்டுக்கும் ஒரே பேரு. போன தடவை நான் ஊத்துன மாதிரியே வாய்ல ஊத்திருக்காரு. விஷம் அது. "என் தப்புண்ணா"ன்னேன். அவரு கத்தலை. கன்னு கழுத்துக் கயித்தை அவுத்துக்கிட்டே சொன்னாரு: "நானும்தான் நைனா, வீணாவக் கூடாதுன்னு கடைசி சொட்டு வரைக்கும் அது வாய்ல ஊத்திட்டேன்."

இப்பல்லாம் 'முதுகுல மட்டும்'னு சீட்டுல பெருசா எழுதறேன், டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாதுங்கறதால என் முதுகை நானே தட்டியும் காட்டறேன்.