முதல் வரிசை காலியாக இருக்க வேண்டும்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே பயந்தாங்கொள்ளிதான். தட்டுகளை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டியை மூடிவிட்டுப் போவாள். மூடினோமா என்று திரும்பி வந்து பார்ப்பாள். பக்கத்து மேசைக்காரி எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கதவு எங்கயும் ஓடிப்போயிடாதுடி" என்பேன்.

ரொட்டி மாவை உப்பவைக்கிற ஈஸ்ட்தான் அவள் வேலை. அது உயிர்வாழத் தேவையான ஒரு மரபணுவை எடுத்துவிட்டு, மனிதனுடையதைப் போடுவாள். நம்முடையது சரியாக வேலை செய்தால் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். எந்தக் காலத்திலோ விட்டுப்போன உறவு இன்னும் கைகொடுக்கிறது, பாருங்களேன்!

ஒரு முறை வந்தது அவள் அண்ணன் மகளின் மரபணு. அண்ணனின் மூத்த பிள்ளை தூக்கத்திலேயே போய்விட்டான். அன்றிலிருந்து அண்ணன் ராத்திரியெல்லாம் இளையவளின் மூச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தையின் மரபணுவில் ஓரிடம் மாறியிருந்தது. கெடுதலா இல்லையா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

ஈஸ்ட் வளர்க்கிற தட்டில் மூன்று வரிசை. முதலாவதில், எடுத்ததற்குப் பதிலாக எந்த மரபணுவும் கொடுக்காத ஈஸ்ட். அது செத்தே ஆகவேண்டும். இரண்டாவதில் பழுதில்லாத மனித மரபணு. மூன்றாவது குழந்தையுடையது.

தட்டை எடுத்தவள் கண்ணில் மூன்றாவது வரிசையின் வெள்ளைப் பொட்டுகள்தான் பட்டன. உடனே போனை எடுத்துவிட்டாள். "அண்ணா, வளந்திருக்குண்ணா! பாப்பாவுக்கு ஒண்ணுமில்லண்ணா!" அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகத் தட்டைப் பார்த்த நான் அவளை விலக்கினேன்.

"அடிப்பாவி, முதல் வரிசையப் பாத்தியா?"

அதுவும் வளர்ந்திருந்தது. எங்கோ மரபணு எடுக்காத நல்ல ஈஸ்ட் கலந்துவிட்டது. அந்தத் தட்டை நம்பி எதுவுமே சொல்லமுடியாது.

"உடனே அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லு."

"எப்படிடீ சொல்லுவேன்? இன்னைக்குத்தான் அவர் குரல்ல சிரிப்பைக் கேட்டேன். இன்னொரு தட்டு போட்டுடறேன். அதுல வளந்துட்டா சொல்லவே வேண்டாமே!"

புதுத் தட்டு தயாராகும்வரை அவளோடு சேர்ந்து நானும் பெட்டிக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். விடுமுறை நாள் பகலில் இரண்டு பேரும் வந்தோம். பெட்டியைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை; நான்தான் எடுத்தேன். முதல் வரிசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அப்பாடா. இரண்டாவது நன்றாக வளர்ந்திருந்தது.

மூன்றாவதும் துடைத்துவிட்டதுபோல்தான் இருந்தது.

அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரைத் தொட்டாள். அந்தப் பக்கம் குழந்தை.

"அத்தை! இனிமே நான் தனியாப் படுத்துக்கலாமாம். நீங்கதான் சொன்னீங்களாமே? அப்பாவும் இப்பல்லாம் நல்லாத் தூங்கறார். இப்பவும் தூங்கிட்டுத்தான் இருக்கார்."

பயந்தாங்கொள்ளி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவ எழுப்புடா கண்ணு."