கூரையா, டிகிரியா?

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் என் சொந்த ராத்தாவுக்கு, கூடப்பிறந்த அக்காவுக்கு, நான் லஞ்சம் கொடுத்தேன். ஒரு தட்டு நிறையத் தொதல், எங்கள் பக்கத்து அல்வா!

கொடுத்ததில் எனக்கு வெட்கமில்லை. கொடுத்தும் தோற்றேன் பாருங்கள்... அதில்தான் வெட்கம்.

விஷயம் இதுதான். என் மகள் நுஸ்ரா பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை, ஏ.எல்., பாஸ். நல்ல பெறுபேறு. பக்கத்திலேயே அரசாங்கக் கெம்பஸில் கலைப்பிரிவுக்கு இடம் கிடைக்கும். வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு பஸ்ஸில் போய் வரலாம். பிள்ளைக்கு அது வேண்டாமாம். கொழும்பில் ஒரு தனியார் கெம்பஸில் சர்வதேச உறவுகள் டிகிரிதான் வேண்டுமாம்.

சரி என்று கூட்டிக்கொண்டு போனேன். கோட் போட்ட ஒரு தம்பி ப்ரோஷர் தந்தார். அட்டையில் ஒரு பெண் சிரிக்கிறாள், பின்னால் உலகத்திலுள்ள கொடியெல்லாம் பறக்கிறது. "இந்தப் படிப்புக்கு எல்லையே இல்ல சேர்" என்றார். முதல் தவணைக்கு மட்டும் எல்லை இருந்தது... மாத முடிவு!

"படிச்சா என்ன வேல தம்பி?"

தூதரகம், ஐ.நா., வெளிநாட்டு நிறுவனம் என்று விரல் மடக்கினார். எனக்கு உள்ளே சிரிப்பு. எங்கள் கல்முனையில் எந்த நாட்டுக்குத் தூதரகம் இருக்கிறது? சுனாமிக்குப் பிறகு வெள்ளை ஜீப்பில் வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் அதே ஜீப்பில் திரும்பிப் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் வரலாறு படித்தவரும் புவியியல் படித்தவரும் கடைசியில் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர்தான். டி.ஓ. என்போம். ஒரே மேசையைச் சுற்றி நாலு கதிரை. அந்தக் கதிரைக்குக் கொழும்பைச் சுற்றிக்கொண்டு போவானேன்?

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். மகள் பிறந்தால் மற்ற ஊர் வாப்பாமார் தொட்டில் வாங்குவார்கள், நாங்கள் சீமெந்து வாங்குவோம். நானோ ஹாட்வெயார் கடைக்காரன். ஊரெல்லாம் கூரை போட என்னிடம்தான் சாமான் வாங்குகிறது... நுஸ்ராவின் வீடு மட்டும் வருடக்கணக்காக ஜன்னலுக்கு மேலே லின்டல் மட்டத்தில் நின்று வானம் பார்க்கிறது. இப்போதுதான் கூரைக்கென்று கொஞ்சம் சேர்ந்திருந்தது. அந்தக் காசைத்தான் ப்ரோஷர் கேட்டது.

"ஏலாது மகள்" என்று நேரே சொல்லியிருக்கலாம். எந்த வாப்பாவுக்கு அந்தத் தைரியம் இருக்கிறது? ஆகவே மஷூறா வைத்தேன்.

மஷூறா என்றால் குடும்பத்துப் பெரியவர்கள் கூடி ஆலோசனை செய்து ஒரு முடிவுக்கு வருவது. முடிவு பிழைத்தாலும் எல்லோருக்கும் பங்கு! ஆனால் அதற்கொரு ஒழுங்கு உண்டு. மஷூறாவுக்கு முன்னால் மஷூறா கூடாது. முன்கூட்டியே போய் ஆள் பிடிப்பது பெரிய பிழை.

நான் ஆள் பிடிக்கப் போனேன்.

முதலில் நிந்தவூரில் ராத்தா வீடு. தொதல் தட்டை வைத்துவிட்டு, "பொம்புளப் புள்ளய கொழும்புல தனிய உட ஏலாதெண்டு ஒரு வார்த்த செல்லுங்க ராத்தா" என்றேன். "ஓம் தம்பி" என்று தட்டைப் பக்கத்தில் இழுத்தார். அடுத்தது வரிப்பத்தான்சேனை. மனைவியின் மூத்த காக்கா, அதாவது அண்ணன், என் மச்சான், வயலில் நின்றார். "நீ போ மச்சான், நான் பாத்துக்கிறன்" என்றார். கடைசியாக மனைவி. மீன் ஆய்ந்துகொண்டே "ம்" என்றார். மூன்றும் கையில்! வெற்றிக் களிப்பில் புரியாணிக்கு ஓடர் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூடினோம். மச்சான்தான் மூத்தவர், தலைமை அவருக்கு. அவர் முதலில் ராத்தாவைக் கேட்டார்.

"புள்ள போய்ப் படிக்கட்டும்" என்றார் ராத்தா.

நான் எழும்பிவிட்டேன். "ராத்தா! அண்டைக்கு ஓம் எண்டீங்களே?"

"அந்த ஓம் தொதலுக்குடா தம்பி."

"அங்க தனிய..."

"தனிய ஏன்? கொழும்புல என்ட மகள்ட ஊடு இரிக்கி. அங்க நுஸ்ரா நிப்பாள், மகள்ட சின்னவனுக்கு இங்கிலீஷ் செல்லிக் குடுப்பாள். எல்லாம் கதைச்சாச்சி."

யார் கதைத்தது? யோசிப்பதற்குள் மனைவியின் முறை வந்தது. "ராத்தா செல்றதுதான் சரி." அவ்வளவுதான்.

மச்சானைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "போன போகத்துல மேல்கண்டத்து வயல்காரர் எங்களுக்குத் தண்ணி உடல்ல. கூட்டம் போட்டம். நாங்க தமிழுல கத்துறம், அவங்க சிங்களத்துல கத்துறாங்க, ஒபிசர் போனப் பாக்காரு. லீவுக்கு வந்து நிண்ட ஒன்ட மகள் எழும்பி, 'ஒங்கட வயலுக்கு எப்ப உரம் எறியிற?' எண்டு சிங்களத்துல கேட்டாள். உரம் எறிஞ்சா, அது கழுவுப்படாம தண்ணி வாற வக்கடைய அடைச்சித்தானே வைப்பாங்க? 'அப்ப அந்த நாளையில தண்ணிய கீழ உடுங்க' எண்டாள். உட்டுட்டாங்க மச்சான்!"

"டிகிரி இல்லாமலே செஞ்சிட்டாளே. பொறகென்னத்துக்கு டிகிரி?" என்றேன் மெதுவாக.

"கைராசிக்காரி எண்டு டொக்டருக்குப் படிக்காத ஒருத்திக்கிட்ட நீ ஊசி போடுவியா?"

கையில் ஒரே ஒரு துருப்புத்தான் மிச்சம். வீசினேன். "அப்ப ஊடு? கூரை?"

அதுவரை கதவடியில் நின்ற நுஸ்ரா வாய் திறந்தாள். "வாப்பா, கூரை இல்லையெண்டு திரும்பிப் போற மாப்பிள, என்னயில்ல, ஊட்டத்தானே பாக்க வந்தவர்?"

"சரி மகள். இவ்வளவு காசையும் கொட்டிப் படிச்சி வேல கிடைக்காட்டி?"

கொஞ்சம் யோசித்தாள். ப்ரோஷர் தம்பி மாதிரி விரல் மடக்கவில்லை. "கிடைக்குமெண்டு உறுதி செல்ல ஏலா வாப்பா. நானும் டி.ஓ. மேசையில போய் இரிக்க வேண்டி வரலாம். ஆனா கூரை போட்டா நல்ல மாப்பிள வருவாரெண்டு நீங்களும் உறுதி செல்ல ஏலாதானே?"

இத்தனை வருடம் எத்தனை பேருக்குத் தகடு விற்றிருக்கிறேன்... கூரைக்கு உத்தரவாதம் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு? நல்ல கூரைக்குக் கீழே கண்ணீர் விடுகிற பெண்பிள்ளைகளும் என் வாடிக்கையாளர் வீடுகளில் இருக்கிறார்கள்.

கூரை பொறுக்கட்டும், பிள்ளை படிக்கட்டும் என்று மச்சான் முடிவைச் சொன்னார். சலவாத்து ஓதிக் கலைந்தோம். ராத்தா வெறும் தொதல் தட்டை மறக்காமல் திருப்பித் தந்தார். கழுவித்தான்.

அன்று பின்னேரம்தான் மனைவி வாயிலிருந்து விஷயம் வெளியே வந்தது. நான் தொதலோடு நிந்தவூர் போக முதலே நுஸ்ரா அங்கே போய் வந்திருக்கிறாள். மாமாவிடமும், அதுதான் என் மச்சானிடமும், கதைத்திருக்கிறாள். உம்மாவிடம் குசினிக்குள்ளேயே முடித்திருக்கிறாள். மஷூறாவுக்கு முன்னால் மஷூறா... வாப்பாவின் பிழையேதான், ஆனால் வாப்பாவைவிடத் திறமாக!

கோபம் வரவில்லை. மனசுக்குள் ஒரு சின்ன நோவுதான். "எல்லாரிட்டயும் போனவள், என்னட்ட மட்டும் ஏன் வரல்ல?" என்று மனைவியிடம் கேட்டேன்.

அவர் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவே இல்லை.

"ஒங்கட வோட்டு தேவப்படல்ல."