கல் கூட்டிய பாதை

துயிரே ஒன்றும் பெரிய ஓட்டக்காரி இல்லை. பந்தயத்தில் ஓடியதில்லை, பதக்கம் வாங்கியதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பகலெல்லாம் பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றிவிட்டு வீடு திரும்புவாள். வந்ததும் ஷூவை மாற்றிக்கொண்டு ஏரிக்கரையோரம் ஒரு சுற்று ஓடப் போவாள். அந்த நேரத்தில் யாரும் அவளிடம் இன்னொரு கரண்டி கேட்க மாட்டார்கள். அதற்காகவே ஓடினாள் என்றுகூடச் சொல்லலாம். ஏரிக்கரை ஊரான குவோப்பியோவின் குளிர் அவளை என்றைக்கும் தடுத்ததில்லை. அடியில் ஆணி பதித்த ஷூவை மாட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, டிசம்பர் இருட்டிலும் பனிக்கட்டி மேல் ஓடியவள்.

அப்படிப்பட்டவள் விழுந்தது குப்பை போடப் போன இடத்தில். நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குப்பைத்தொட்டிக் கொட்டகை வாசலுக்கு எதிரேதான் இருக்கிறது, இதற்குப் போய் ஆணி ஷூ எதற்கு என்று ரப்பர் செருப்போடு இறங்கினாள். புதுப் பனிக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். இடுப்பெலும்பு முறிந்தது. தகடும் திருகாணியும் வைத்து அனுப்பினார்கள்.

அந்த ஊரில் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி விழுந்திருப்பார்கள். அதனால் பார்க்க வந்தவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "செருப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். "செருப்புதான்," என்றாள். தலையை ஆட்டிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

குளிர்காலம் முழுக்கக் கைத்தடியோடு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பிறகு தடி இல்லாமல் நடந்தாள், சமையலறை வேலைக்கும் திரும்பினாள். ஏப்ரலில் டாக்டர், "ஓடலாம். ஆனா விழக் கூடாது," என்றார். சொல்வது சுலபம். பனி உருகிய சாலை முழுக்க, குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சல்லிக்கல் அப்படியே கிடந்தது. காய்ந்த தாரின் மேல் அது பாசிமணியை உருட்டிவிட்ட மாதிரி உருளும். ராத்திரி உறைபனி முழுவதும் நின்ற பிறகுதான் கூட்டும் இயந்திரம் வரும். அவள் தெருவுக்கு வர மே பிறந்துவிடும்.

காத்திருக்கலாம்தான். ஆனால் துயிரேவுக்கு வேறொரு பயம். சமையலறையில் கூட வேலை செய்யும் ஒருத்தி மூட்டுவலிக்காக ஒரு வசந்தம் ஓடாமலிருந்தாள். அப்புறம் ஓடவே இல்லை. இப்போது கேட்டால், "நானும் ஒரு காலத்துல ஓடினேன்," என்பாள். அந்த வாக்கியம் தன் வாயிலும் வந்துவிடுமோ என்றுதான் துயிரே பயந்தாள்.

"மெஷின் வர்றதுக்குள்ள நீ நடந்தே தரையில ஓட்டை போட்டுருவ. கீழ் வீட்டுக்காரங்க மேல பாத்தா உன் காலு தெரியும்," என்றான் அவள் கணவன் வெய்யோ.

"நீ பஸ் ஓட்டுறவன். உக்காந்தே ஊர் சுத்துற. உனக்கென்ன தெரியும்?"

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது, முற்றத்திலிருந்து ஏரிக்கு இறங்கும் பாதையில் ஓரமாகச் சின்னச் சின்னக் கற்குவியல்கள் இருந்தன. நடுவே தார் கறுப்பாகச் சுத்தமாகத் தெரிந்தது. கீழே, அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்துத் தைஸ்தோ நீளத் துடைப்பத்தோடு குனிந்திருந்தார். எழுபது தாண்டியவர். மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால் கூரையில் துடைப்பக் கட்டையால் இடிப்பவர். அவருடைய கிழநாய் ரெமு பக்கத்தில் படுத்திருந்தது.

"என்ன தைஸ்தோ, தெருக் கூட்டுற வேலைக்குச் சேந்துட்டியா?"

"கேட்டேன். வயசாயிடுச்சுன்னுட்டாங்க."

"யாருக்காகக் கூட்டுற?"

"ரெமுவுக்கு. கால் இடுக்குல கல்லு மாட்டிக்குது."

ரெமு கிறிஸ்துமஸுக்குப் பிறகு குப்பைக் கொட்டகையைத் தாண்டி நடந்து அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். யாருக்காகக் கூட்டுகிறார் என்று துயிரேவுக்குப் புரிந்தது. ஆனால் முகத்துக்கு நேரே நன்றி சொன்னால் அந்த மனிதர் மறுநாள் துடைப்பத்தைத் தொட மாட்டார்.

"ரெமு குடுத்து வச்சவன்," என்றாள்.

"அவனுக்கு அது தெரியல," என்றார் தைஸ்தோ.

சனிக்கிழமை காலை ஆணி இல்லாத, லேசான ஷூவை எடுத்து மாட்டினாள். வெய்யோ கதவருகே கைபேசியை நீட்டினான்.

"விழுந்தா கூப்பிடு."

"விழ மாட்டேன்."

"சரி, விழாட்டியும் கூப்பிடு."

முதல் இருபது அடி ஓட்டம் என்று சொல்ல முடியாது. கைகளை விரித்துக்கொண்டு, பிடிப்பதற்குச் சுவர் தேடுகிறவள் மாதிரி போனாள். இறக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். இடுப்பில் வலி இல்லை, பயம்தான் உட்கார்ந்திருந்தது. பிறகு தாரைப் பார்த்தாள். ஒரு கல் இல்லை. துடைப்பம் இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. கைகளை மடக்கிக்கொண்டு இறங்கினாள். கால் தன்பாட்டுக்குப் போனது. ஏரியின் நடுவில் ஐஸ் சாம்பல் நிறத்தில் மிதந்தது. கரையோரம் ஐஸ் உருகித் தண்ணீர் தெரிந்தது. மூச்சு இரைத்தது. ஏப்ரல் மண்ணின் தூசு மூக்கில் ஏறியது. அதுகூட அவளுக்கு நன்றாக இருந்தது.

கரையில் கூட்டிய இடம் முடிந்தது. அதற்கப்பால் வளைவு வரை கல். துயிரே திரும்பினாள். மேலே போய் மறுபடி இறங்கினாள். மறுபடி ஏறினாள். மாடிகளில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. போகட்டும்.

கீழ்த்தளத்து ஜன்னல் திறந்தது.

"என்ன பொண்ணே, எதையாவது தொலைச்சிட்டியா?"

"நீ கூட்டினது இவ்ளோதான். வேற எங்க ஓடறது?"

தைஸ்தோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வளைவுப் பக்கம் பார்த்தார். "நாளைக்கு வளைவு வரைக்கும் போகணும்னு ரெமு சொல்றான்."

"அப்ப நானும் துடைப்பம் எடுத்துட்டு வரேன்."

"உன் இஷ்டம். ஆனா பேசிக்கிட்டே கூட்டாத."

மறுநாள் இருவரும் பேசாமல் கூட்டினார்கள். சாலையின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவள். வளைவுக்குப் பாதி தூரம் சுத்தமானதும் துயிரேவால் பொறுக்க முடியவில்லை. துடைப்பத்தைப் புதரில் சாய்த்துவிட்டு, கூட்டிய வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்தாள்.

"கூட்ட வந்தியா, ஓட வந்தியா?" என்றார் தைஸ்தோ.

"ஓட," என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.