வெந்நீரில் முக்கிய சாக்ஸ்

மலையேற்றத்துக்குக் கம்பளி சாக்ஸ் வாங்கப் போயிருந்தேன். "ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கோங்க ஆன்ட்டிஜி, இந்த வயசுல லூசா இருந்தாத்தான் ஆராம், சௌகரியம்" என்றார் கடைக்காரர், இந்தியில். சாக்ஸில் அந்துருண்டை வாசனை அடித்தது.

சின்ன வயதில் நாங்கள் இருந்த லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில், குளிர் தொடங்கியதும் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இதே வாசனைதான். அம்மா எனக்கு எதையும் அளவாக வாங்கியதில்லை. "வளர்ற பொண்ணு, இன்னும் ரெண்டு வருஷம் வரணும்" என்பாள். பள்ளியில் முதன்முதலாக மலைக்குக் கூட்டிப்போனபோது அந்தத் தொளதொள சாக்ஸ் குதிகாலில் மடிந்து உரசி, கொப்புளம் வெடித்து, பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "பொம்பளப் பிள்ளைக்கு மலை எதுக்கு?" என்றார் அப்பா.

அடுத்த வருஷமும் பெயர் கொடுத்தேன். அம்மா அந்த சாக்ஸைப் பச்சைத் தண்ணீரில்தான் அலசுவாள். வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கிவிடுமாம். கொதிக்கக் கொதிக்க ஒரு வாளித் தண்ணீரில் அதை முக்கி, கட்டையால் அடித்துக் கசக்கினேன். வெயிலில் காய்ந்ததும் தடித்துப்போய், என் காலைக் கச்சிதமாகப் பிடித்தது.

"நாசம் பண்ணிட்டியேடி! அடுத்த வருஷம் எதைப் போடுவ?"

"இந்த வருஷம் நான் மேல போகணும்மா."

போனேன், உச்சிவரை. அந்த சாக்ஸ் கடைசிவரை கிழியவில்லை. என் கால்தான் அதைவிடப் பெரிதானது.

கடைக்காரர் இன்னும் பெரிய ஜோடியைத்தான் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆராம் வேணும்னா வீட்லயே இருந்திருப்பேன் பையாஜி. என் கால் அளவுக்குக் குடுங்க."