நுவரெலியாவில் என் குக்கீஸ் படுத்த கதை

எங்கள் கடலோர ஊரான அன்புவழிபுரத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் குக்கீஸுக்கு என் வீட்டுக்குத்தான் சொல்லியனுப்புவார்கள். அந்தத் தலைக்கனத்தோடுதான் பள்ளி விடுமுறைக்கு நுவரெலியாவிலுள்ள மச்சாள் வீட்டுக்குப் போனேன். மச்சாள் என் கணவரின் தங்கை, கல்யாணம் முடித்து அங்கே குடியேறியவள். சமையல் என்று வந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் எப்போதும் போட்டிதான்.

“நீங்கள் தள்ளி நில்லுங்கோ, இண்டைக்கு நான் சுட்டுத் தாறன்” என்று அவளுடைய குசினியைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் கை பழகிய அளவுதான். பன்னிரண்டு உருண்டைகளைத் தட்டில் அடுக்கி ஓவனுக்குள் வைத்தேன். கண்ணாடி வழியே பார்த்தால், மளமளவென்று பொங்கின. பிறகு அப்படியே சரிந்து, ஒன்றையொன்று கட்டிப்பிடித்துப் படுத்துவிட்டன. வெளியே எடுத்தபோது தட்டு முழுக்க ஒரே ஒரு குக்கீ.

மச்சாள் எட்டிப் பார்த்தாள். “இதை வெட்டித் தாறதோ, சுருட்டித் தாறதோ மச்சாள்?”

“உங்கட ஓவன் சரியில்லை” என்றேன். “பட்டரும் சரியில்லை” என்றேன். இரண்டாவது தட்டும் படுத்தது.

மணம் பிடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஹோட்டல் ஒன்றில் கேக் போடுபவர். தட்டைப் பார்த்துச் சிரிக்காமல் சொன்னார்: “இங்க உயரம் கூட, காத்து லேசுங்கக்கா. மா சட்டுனு பொங்கிப் படுத்துரும். சீனியையும் பேக்கிங் பவுடரையும் கொறைங்க. மாவையும் சூட்டையும் கொஞ்சம் கூட்டுங்க.”

அப்படியே செய்தேன். மூன்றாவது தட்டில் பன்னிரண்டும் தனித்தனியாக எழுந்து நின்றன. மச்சாள் நாலைச் சாப்பிட்டுவிட்டு, அளவை ஒரு கடதாசித் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த விடுமுறைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே அந்தத் துண்டோடு என் குசினிக்குள் நுழைந்தாள். மலைக்குச் சரியான அளவு இந்தக் கடலோரத்துக்குச் சரிவராது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

ஓவனிலிருந்து கூழாங்கற்கள் வந்தன. ஒன்றைக் கடித்தவள் தாடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “தெரிஞ்சுகொண்டே விட்டனீங்கள், என்ன?”

“ஓம்” என்றேன். இருவரும் சிரித்து முடிய வெகுநேரமானது.

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த கணவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துப் பாதியை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தீரே, தங்கச்சி எப்பிடிச் சுட்டிருக்கிறாள்? உமக்கு இப்பிடிச் சுட ஏலாது.”

மிச்சப் பாதியையும் நாங்கள் அவருக்கே வைத்தோம்.